தூத்துக்குடி ஏசி அண்ணாச்சி: அவுட்டோர் ஃபேன் நின்றுபோனால் இவரைக் கூப்பிடலாமா?

இந்த ஏசி மெக்கானிக்குக்கு முதலிலேயே மார்க் போட்டுவிடுகிறேன். அவுட்டோர் ஃபேன், அதாவது ஏசியின் வெளிப்பெட்டியில் சுற்றும் ஃபேன், வேலை என்றால் ஐந்துக்கு நாலரை. சாதாரண சர்வீஸுக்கு நாலு. கேஸ் வேலைக்கு இரண்டு. பில் கேட்டால் பூஜ்யம். தூத்துக்குடியில் ஏசி வைத்திருப்பவர்கள் அவசரத்தில் இருந்தால் இதை மட்டும் வைத்துக்கொண்டு முடிவெடுக்கலாம். நேரம் இருப்பவர்களுக்குக் காரணத்தையும் சொல்கிறேன்.

கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. பாளையங்கோட்டை ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில், வெல்டிங் பட்டறைக்கும் தண்ணீர் கேன் கடைக்கும் நடுவில் ஷட்டர் போட்ட ஒற்றை அறை. வாசலில் கழற்றிப்போட்ட அவுட்டோர் யூனிட்டுகள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும், அதுதான் அடையாளம். அக்கம்பக்கத்தில் ‘ஏசி அண்ணாச்சி’ என்று கேட்டால் கை காட்டுவார்கள். அறுபதை நெருங்கிய மனிதர், கூட இரண்டு பையன்கள், சாமான் ஏற்றிப்போக ஒரு பழைய டிவிஎஸ் எக்ஸ்எல். கடையின் மொத்த முதலீடு அவ்வளவுதான் என்று தோன்றும்.

நான் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் கணக்குப் பார்ப்பவன். அதனால் யார் எதற்கு எவ்வளவு வாங்கினார்கள் என்பது எனக்கு மறக்காது. வீட்டில் இரண்டு ஏசி. கீழே அப்பா அம்மா அறையில் இன்வர்ட்டர் இல்லாத பழைய ஒன்றரை டன். மாடி அறையில் இன்வர்ட்டர் ஏசி, அதாவது கம்ப்ரசர் வேகத்தைத் தானே கூட்டிக் குறைத்துக்கொள்ளும் வகை. இரண்டின் அவுட்டோரும் மொட்டைமாடியில் கிழக்குப் பார்த்து, கடற்காற்றை நேராக வாங்கிக்கொண்டு நிற்கின்றன. ஏசி மாட்ட வந்தவர்களுக்கு அந்த இடம்தான் வசதி. ஏசிக்கு வசதியா என்று யாரும் யோசிக்கவில்லை.

இந்த ஊரில் ஏசிக்கு வரும் வியாதியில் பாதி காற்றிலேயே வருகிறது. ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் உப்பளம். ஜன்னல் கொண்டி, கேட் கீல், சைக்கிள் செயின் என்று எதையும் துரு விட்டுவைப்பதில்லை. வெயிலிலும் மழையிலும் நிற்கும் தகரப் பெட்டியை மட்டும் விடுமா? காயிலைச் சுற்றியிருக்கும் மெல்லிய அலுமினியத் தகடுகள் (ஃபின்) வெள்ளைப் பொடியாக உதிர ஆரம்பிக்கும். ஸ்க்ரூ தலைகள் கரைந்துபோகும். பெட்டிக்குள் வெளிக்காற்றில் சுற்றிக்கொண்டே இருக்கும் பாகம் ஃபேன் ஒன்றுதான். அதன் மோட்டார் ஷாஃப்ட் கிரில்லைப் பார்த்து நீட்டிக்கொண்டிருக்கிறது. சாரலும் உப்பும் முதலில் போய்ச் சேரும் இடம் அந்த ஷாஃப்டும், அதை ஒட்டிய முன்பக்க பேரிங்கும்.

சரி, அண்ணாச்சி விஷயத்துக்கு வருகிறேன். இவரிடம் எனக்குப் பிடித்தது, வீட்டுக்கு வருவதற்கு முன்னால் போனிலேயே கேட்கும் கேள்விகள். ‘கூலிங் இல்லை’ என்று சொன்ன மாத்திரத்தில் ‘கேஸ் போயிருக்கும் சார், 3,000 ஆகும்’ என்று சொல்லும் மெக்கானிக்குகளைப் பார்த்துப் பழகிய காதுக்கு இது புதிது.

“தம்பி, போனை வைக்காம மாடிக்கு ஏறுங்க. ஃபேன் சுத்துதா?”

“சுத்தலை அண்ணாச்சி.”

“கம்ப்ரசர் உறுமுதா?”

“உறுமுது.”

“அப்போ அங்கேயே நின்னு பாத்துக்கிட்டு இருக்காதீங்க. கீழ போயி ஆஃப் பண்ணிருங்க. சாயங்காலம் வாறேன்.”

இந்த இரண்டு கேள்வியில் பாதி வேலை முடிந்துவிடுகிறது. கம்ப்ரசர் ஓடுகிறது, ஃபேன் மட்டும் ஓடவில்லை என்றால், அவுட்டோருக்குக் கரண்ட் வருகிறது, உள்ளே இருக்கும் யூனிட் தன் வேலையைச் செய்துவிட்டது என்று அர்த்தம். கோளாறு ஃபேன் பக்கத்தில்தான்: கெப்பாசிட்டர், மோட்டார், அதற்குப் போகும் வயர். இன்வர்ட்டராக இருந்தால் அவுட்டோருக்குள் இருக்கும் எலக்ட்ரானிக் போர்டையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இரண்டுமே ஓடவில்லை என்றால் தேட வேண்டிய இடம் வேறு: உள் யூனிட்டின் ரிலே, இரண்டு யூனிட்டுக்கும் நடுவில் போகும் வயர், அல்லது வெறும் வோல்டேஜ். கரண்ட் போய் வந்த உடனே பார்த்தீர்கள் என்றால் ஒன்றுமே கோளாறாக இருக்காது. கம்ப்ரசரைக் காப்பாற்ற ஏசி தானாகவே மூன்று நிமிஷம் காத்திருக்கும். ஃபேன் ஓடி கம்ப்ரசர் ஓடாவிட்டால் அது தனிக் கதை. அதற்கு அண்ணாச்சி வேறு கேள்விகள் வைத்திருக்கிறார்.

‘ஆஃப் பண்ணிருங்க’ என்று அவர் அவசரப்படுத்துவதற்கும் காரணம் இருக்கிறது. அறையில் இருந்து இழுத்த சூட்டை அவுட்டோர் காயில் வழியாக வெளியே தள்ளுவது அந்த ஃபேன்தான். அது நின்றுவிட்டால் சூடு காயிலிலேயே தங்கும், கேஸின் அழுத்தம் ஏறிக்கொண்டே போகும், கம்ப்ரசர் திணறி அதிக கரண்ட் இழுக்கும். ஒரு கட்டத்தில் அதன் ஓவர்லோட் ட்ரிப் ஆகிவிடும். கொஞ்ச நேரம் ஆறியதும் மறுபடி ஓடும், மறுபடி ட்ரிப் ஆகும். அறைக்குள் இருப்பவருக்கு ‘கொஞ்ச நேரம் குளிருது, அப்புறம் குளிரலை’ என்றுதான் தெரியும். அதை கேஸ் குறைவு என்று நினைத்து வாரக்கணக்கில் ஓட்டுபவர்கள் உண்டு. கடைசியில் போவது கம்ப்ரசர். பழைய ஏசிக்குக் கம்ப்ரசர் போனால் புதுசு வாங்கும் பேச்சுதான்.

அப்பா அம்மா அறை ஏசியில் நடந்தது இதில் சுலபமான கோளாறு. அண்ணாச்சி சாயங்காலம் வந்தார். எம்சிபியை (ஏசிக்குக் கரண்ட் கொடுக்கும் ட்ரிப் சுவிட்சை) இறக்கினார். இறக்கியதோடு விடாமல், யாரும் மறுபடி ஏற்றிவிடக் கூடாது என்று பையனை சுவிட்ச் போர்டு பக்கத்திலேயே நிற்க வைத்தார். மேல்மூடியின் ஸ்க்ரூ ஒன்று தலை தேய்ந்து போயிருந்தது. ஹாக்ஸா பிளேடால் அதன்மேல் ஒரு கோடு கீறி, மைனஸ் டிரைவரை வைத்துத் திருப்பினார். மூடியைத் திறந்து ஃபேனைக் கையால் ஒரு சுற்று விட்டார். அது தடையில்லாமல் சுற்றித் தானாக நின்றது. “பேரிங் நல்லாருக்கு” என்றார். அடுத்து கெப்பாசிட்டர். கரண்டை நிறுத்திய பிறகும் அதில் சார்ஜ் தங்கியிருக்கும் என்பதால் ஹோல்டரோடு இருந்த ஒரு பழைய குண்டு பல்பின் இரண்டு வயரையும் அதன் முனைகளில் தொட வைத்தார். பிறகுதான் கழற்றினார். மேல்பக்கம் லேசாக உப்பியிருந்தது. பக்கவாட்டில் 2.5 மைக்ரோஃபாரட், 440 வோல்ட், கூடக்குறைய 5 சதவீதம் என்று அச்சடித்திருந்தது. மீட்டரில் வைத்தால் 0.9.

சிங்கிள் பேஸ் மோட்டார் தானாகக் கிளம்பாது. கிளம்புவதற்கு வேண்டிய அந்த முதல் தள்ளலை இன்னொரு வைண்டிங் (கம்பிச்சுற்று) வழியாகக் கொடுப்பது கெப்பாசிட்டர். அது சத்து இழந்தால் மோட்டார் ‘ம்ம்ம்’ என்று முனகிக்கொண்டே நிற்கும், அல்லது மெதுவாகச் சுற்றும், கொஞ்சம் கொஞ்சமாகச் சூடாகி வைண்டிங்கையே கருக்கிக்கொள்ளும். அதனால் முனகல் கேட்டால் முதலில் பார்க்க வேண்டியது 200 ரூபாய்க்குள் கிடைக்கும் இந்தச் சின்னப் பொருளை. அண்ணாச்சி அதே மைக்ரோஃபாரட், அதே வோல்ட்டில் புதியதைப் போட்டார். துருப்பிடித்த முனைகளை உப்புத்தாளால் தேய்த்து, வயர் கிளிப்பை இடுக்கியால் இறுக்கி, மூடியை மூடினார். கெப்பாசிட்டர் 180, வந்து பார்த்ததற்கு 350. மொத்தம் 530 ரூபாய்.

கெப்பாசிட்டர் போயிருக்கிறதா என்று பார்க்க கிரில் வழியாகக் குச்சியை விட்டு ஃபேனைத் தள்ளிவிடும் வீடியோக்கள் நிறைய உலவுகின்றன. தள்ளினதும் ஓடினால் கெப்பாசிட்டர்தான் என்ற கணக்கு பெரும்பாலும் சரிதான். ஆனால் ஓடும் யூனிட்டில் அதைச் செய்தால் குச்சி பிளேடில் சிக்கி பிளேடு உடையும், சில்லு முகத்துக்கு வரும். இதைக் கேட்டால் அண்ணாச்சிக்குக் கோபம் வரும். “530 ரூவாய மிச்சம் பிடிக்கதுக்குக் கண்ணக் குடுப்பியளா?” என்பார்.

இன்வர்ட்டர் ஏசியின் கதைதான் இந்த விமர்சனத்தை எழுத வைத்தது. அதன் உள் யூனிட்டில் ஒரு நாள் எரர் கோடு வந்து நின்றது. அவுட்டோர் ஃபேன் சுற்றவில்லை என்பதற்கு ஒவ்வொரு கம்பெனியும் ஒரு கோடு வைத்திருக்கிறது. டெய்கினில் இ7, பானசோனிக்கில் எச்97, எல்ஜியில் சிஎச்67. என் ஏசி எந்தக் கம்பெனி என்பதைச் சொல்லப் போவதில்லை. வாரண்டி முடிந்திருந்தது. கம்பெனி சர்வீஸில் இருந்து ஒருவர் வந்தார். எரர் கோடைப் பார்த்தார், போனில் எதையோ தட்டினார், மொட்டைமாடிக்கு ஏறவே இல்லை. ‘மோட்டாரும் அவுட்டோர் போர்டும் மாத்தணும், 13,400 ஆகும்’ என்று ஒரு எஸ்டிமேட் அனுப்பினார். ஜிஎஸ்டி தனியாகப் பிரித்துப் போட்ட, கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போன்ற எஸ்டிமேட். அதைப் பார்த்து ரசித்துவிட்டு அண்ணாச்சிக்குப் போன் போட்டேன்.

அந்தக் கோடு உண்மையில் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: ஃபேன் சுற்றுகிறது என்ற சேதி போர்டுக்கு வந்து சேரவில்லை. ஏன் வரவில்லை என்பதை அது சொல்லாது. காக்கா கூடு கட்டி, கம்பியும் சுள்ளியும் பிளேடில் சிக்கியிருக்கலாம். பேரிங் இறுகியிருக்கலாம். கனெக்டர் முனையில் பச்சை பூத்திருக்கலாம். அணில் வயரைக் கடித்திருக்கலாம். மோட்டாருக்குள் இருக்கும் சென்சார் போயிருக்கலாம். போர்டில் பல்லி விழுந்து கருகிக் கிடக்கலாம்; இந்த ஊரில் ஏசி போர்டு போவதற்குப் பல்லி ஒரு முக்கியமான காரணம். இதில் எது என்று பார்க்காமல் இரண்டையும் மாற்றினால் பழுது கட்டாயம் போய்விடும், உங்கள் பணத்தோடு சேர்ந்து.

அண்ணாச்சி வந்தார். எம்சிபியை இறக்கிவிட்டு உடனே கை வைக்கவில்லை. இன்வர்ட்டர் போர்டில் பெரிய கெப்பாசிட்டர்கள் இருக்கின்றன, அவை அடங்கப் பத்து நிமிஷமாவது விட வேண்டும் என்று மாடிச்சுவரில் உட்கார்ந்துவிட்டார். அம்மா கொடுத்த டீயைக் குடித்தார். அப்புறம் கிரில்லைக் கழற்றி பிளேடைக் கையால் சுற்றினார். பழைய ஏசியின் ஃபேன் மாதிரி அது ஓடவில்லை. கால் சுற்று போய்க் ‘கரகர’ என்று நின்றது. ஷாஃப்டைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினார், லேசான ஆட்டம் இருந்தது. அப்போதே விடை தெரிந்துவிட்டது. ஆனாலும் மீட்டரை எடுத்தார். போர்டும் சரியாக இருக்கிறதா என்று பார்க்காமல் மோட்டாரைக் கழற்றக் கூடாதாம்.

இந்த வகை பிஎல்டிசி (பிரஷ் இல்லாத டிசி) மோட்டாருக்கு ஐந்து வயர் போகிறது. சிவப்பில் சுமார் 310 வோல்ட் டிசி, கறுப்பு கிரவுண்ட், வெள்ளையில் 15 வோல்ட், மஞ்சளில் ‘இவ்வளவு வேகமாக ஓடு’ என்று போர்டு அனுப்பும் சின்ன வோல்டேஜ், நீலத்தில் ‘இவ்வளவு வேகத்தில் ஓடுகிறேன்’ என்று மோட்டார் திருப்பி அனுப்பும் துடிப்பு. பெரும்பாலான கம்பெனிகளில் இதுதான் நிறம். கரண்டைப் போட்டு, சிவப்பில் இருந்து ஒவ்வொன்றாக முனையை வைத்து எண்களை எனக்கும் காட்டினார். 310-க்குப் பக்கத்தில் இருந்தது. 15 இருந்தது. பிறகு ஏசியை ஓடவிடாமல் ஸ்டாண்ட்பையிலேயே வைத்து, பிளேடைக் கையால் மெதுவாகச் சுற்றச் சொன்னார் பையனிடம். “ஏல, மெதுவா. நான் பாக்கணும்ல.” நீல வயரில் மீட்டர் ஏறி இறங்கியது. மோட்டாரின் சென்சாருக்கு உயிர் இருக்கிறது, போர்டு கொடுக்க வேண்டியதைக் கொடுக்கிறது. மாற்ற வேண்டியது பேரிங் மட்டும்.

இந்தக் கனெக்டரைக் கரண்ட் இருக்கும்போது பிடுங்கவோ சொருகவோ கூடாது என்பதை இரண்டு தடவை அழுத்திச் சொன்னார். அப்படிச் செய்தால் நல்ல மோட்டாரும் போகும், நல்ல போர்டும் போகும். ‘பாத்துட்டு வச்சிடலாம்’ என்று திறப்பவர்கள் கெடுப்பது பெரும்பாலும் இங்கேதான். 310 வோல்ட் டிசி விளையாட்டில்லை. இதை வீட்டில் யாரும் முயற்சி செய்ய வேண்டாம்.

மோட்டாரைக் கடைக்குக் கொண்டு போனார், நானும் பின்னாலேயே போனேன். பிளேடின் நட்டு துருவில் உறைந்திருந்தது. அதில் எண்ணெய் விட்டு ஊறப்போட்டு, தட்டித் தட்டி எடுப்பதற்குத்தான் மொட்டைமாடியில் நேரமானது. கடையில் மோட்டாரின் முன்மூடியைப் பிரித்து ரோட்டரை உருவினார். காந்தம் என்பதால் அது சுலபத்தில் வெளியே வராது, வெடுக்கென்று திரும்ப ஒட்டிக்கொள்ளப் பார்க்கும். முன்பக்க பேரிங்கைப் புல்லரால் இழுத்து என் உள்ளங்கையில் போட்டார். கிரீஸ் இருக்க வேண்டிய இடத்தில் காவி நிறத்தில் ஒரு குழைசல். விரலால் சுற்றினால் மணல் அரைபடுவது போல இருந்தது. மேலே 608 என்ற எண் தெரிந்தது: உள்விட்டம் 8 மில்லிமீட்டர், வெளிவிட்டம் 22, கனம் 7. ஸ்கேட்டிங் சக்கரத்துக்குள் இருப்பதும் இதே அளவு பேரிங்தான். ஏசி கம்பெனியின் ரகசியம் ஒன்றும் இல்லை, பேரிங் கடையில் தாராளமாகக் கிடைக்கும். அண்ணாச்சி நல்ல கம்பெனி பேரிங்காகப் பார்த்து இரண்டு வாங்கி வரச் சொன்னார். பின்பக்கத்தில் இருந்தது சுமாராக இருந்தாலும் அதையும் மாற்றினார். ஷாஃப்ட் வெளியே வரும் இடத்தில் தேய்ந்திருந்த ரப்பர் வளையத்துக்கு வேறொன்று போட்டு, முனையில் கிரீஸைத் தடவினார். சாயங்காலம் மாட்டி ஓடவிட்டபோது மாடியில் நின்றுகொண்டு பேச முடிந்தது. கோடு வரவில்லை, இப்போதும் வரவில்லை.

கூலி, பேரிங், எல்லாம் சேர்த்து 1,450 ரூபாய். எஸ்டிமேட் 13,400. கணக்குப் பார்ப்பவனுக்கு இந்தக் கழித்தல் கொடுக்கும் சந்தோஷத்தை வீட்டில் யாரும் புரிந்துகொள்ளவில்லை.

கம்பெனிக்காரர் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். அவர்கள் பேரிங் மாற்றுவதில்லை. பாகத்தை மாற்றி, மாற்றிய பாகத்துக்கு வாரண்டி எழுதிக் கொடுக்கிறார்கள். அண்ணாச்சியிடம் வாரண்டி என்று கேட்டபோது, “ஓடும் தம்பி. ஓடலைன்னா வாறேன்” என்றார். அதுதான் வாரண்டி. அதனால் வாரண்டிக்குள் இருக்கும் ஏசியின் ஸ்க்ரூவைக்கூட இவரைத் தொட விடாதீர்கள். நான் குறை சொல்வது கம்பெனியின் முறையை அல்ல. மொட்டைமாடிக்கு ஏறாமல் எழுதிய எஸ்டிமேட்டைத்தான்.

இங்கே 2023 டிசம்பர் மழையைச் சொல்லாமல் விட முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய அந்த மழையில் எங்கள் பகுதியிலும் தரையோடு வைத்திருந்த அவுட்டோர்கள் முழுகின. தண்ணீர் வடிந்ததும் ‘ஓடுதா பாப்போம்’ என்று சுவிட்சைப் போட்டவர்களின் போர்டு புகைந்தது. அண்ணாச்சி தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டு, நான் வந்து திறந்து பார்க்கிற வரைக்கும் எம்சிபியைத் தொடாதீர்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார். சேறு புகுந்த பேரிங்கைக் கழுவிக் காயவைப்பதில் பிரயோஜனம் இல்லை, மாற்றித்தான் ஆக வேண்டும். போர்டு ஈரம் இல்லாமல் காய்ந்தால் சில பிழைக்கும். அந்தச் சமயம் அவர் கடை வாசலில் நின்ற யூனிட்டுகள் ரோடு வரைக்கும் வந்துவிட்டன. இந்த ஊரில் அவுட்டோரைத் தரையில் வைக்காதீர்கள், சுவரில் ஸ்டாண்ட் அடித்து மாட்டுங்கள் என்பது அதன்பிறகு எல்லாருக்கும் தெரிந்த பாடம்.

சாதாரண சர்வீஸுக்கும் இவரைக் கூப்பிடலாம் என்று நான் சொல்வதற்குத் தண்ணீர்தான் காரணம். இங்கே பல வீடுகளில் போர் தண்ணீர் உப்பு. அதே தண்ணீரைப் பிரஷர் பம்பில் வைத்து காயிலைக் கழுவிவிட்டுப் போகும் சர்வீஸ்காரர்கள் இருக்கிறார்கள். உப்பைக் கழுவ உப்புத் தண்ணீர்! ஃபின் மடங்கிப் போவது தனி. அண்ணாச்சி, மாநகராட்சிக் குழாயில் வரும் தாமிரபரணித் தண்ணீரை இரண்டு குடம் பிடித்து வைக்கச் சொல்வார். மூடியைக் கழற்றி, உள்ளே இருந்து வெளியே தள்ளுகிற மாதிரி சாதாரண வேகத்தில் கழுவுவார். அழுக்கு வந்த வழியிலேயே திரும்பிப் போக வேண்டும் என்பது அவர் கணக்கு. மோட்டார் பக்கம் பிளாஸ்டிக் பையைக் கட்டிவிடுவார். காயில் அடைத்துக்கொண்டால் நல்ல ஃபேனும் காற்றைத் தள்ள முடியாமல் திணறும், பழி ஃபேன் மேல் விழும். இதையே வருடத்துக்கு இரண்டு தடவை செய்தால் அவருக்கு வேலை குறையும் என்று அவரே சொல்கிறார்.

கோளாறே இல்லாததற்குப் போனிலேயே பதில் சொல்லிவிட்டு, காசு வாங்காமல் விடுவதும் இவரிடம் உண்டு. என் அக்கா டொரண்டோவில் இருக்கிறாள். அங்கே ஏசியும் ஹீட்டரும் ஒன்றாக இருக்கும் ஹீட் பம்ப். ஜனவரியில் ஒரு நாள் வீடியோ கால் போட்டு, வெளியே இருக்கும் ஃபேன் திடீர் திடீரென்று நின்றுவிடுகிறது, யூனிட்டில் இருந்து புகை வேறு வருகிறது என்று பதறினாள். நான் அப்போது கடையில்தான் இருந்தேன், போனை அண்ணாச்சி கையில் கொடுத்துவிட்டேன். பனிநாட்டைப் படத்தில் மட்டும் பார்த்திருக்கும் மனிதர் இரண்டே கேள்வி கேட்டார்: எவ்வளவு நேரம் நிற்கிறது, தானாக ஓடுகிறதா? சில நிமிஷம் நின்று தானாக ஓடுகிறது என்றாள். “அப்போ ஐஸ உருக்குதும்மா. ஒண்ணுமில்ல.” விஷயம் அதுதான். குளிர்காலத்தில் ஹீட் பம்ப் வெளியே இருந்து சூட்டை இழுக்கும்போது வெளிக் காயிலில் பனி படியும். அதை உருக்கக் கொஞ்ச நேரம் தலைகீழாக ஓடி, சூடான கேஸை அந்தக் காயிலுக்கு அனுப்பும். அப்போது ஃபேனை வேண்டுமென்றே நிறுத்திவைக்கும். எழும்புவது நீராவி. தானாக ஓடாமல் நின்றே போனாலோ, காயில் முழுக்க ஐஸ் கட்டியாகிவிட்டாலோதான் ஆளைக் கூப்பிட வேண்டும். நம் ஊரிலும், அறை போதிய அளவு குளிர்ந்ததும் அவுட்டோர் ஃபேன் நிற்பதும், இன்வர்ட்டரில் ராத்திரி மெதுவாகச் சுற்றுவதும் சகஜம். அதைப் பார்த்துப் பயந்து போன் போடுகிறவர்கள் நிறைய.

இனி குறைகள். பில் கொடுக்க மாட்டார். கேட்டால், துண்டுச்சீட்டில் மொத்தத்தை மட்டும் எழுதி, கீழே ஒரு கையெழுத்து. எந்தப் பாகம், என்ன விலை என்று பிரித்து எழுதச் சொன்னால், ‘நான் உங்க கண் முன்னாடிதானே போட்டேன்’ என்பார். ஆபீஸ் ஏசிக்கு இவரைக் கூட்டி வர முடியாததற்கு இதுதான் காரணம். ஆடிட்டரிடம் துண்டுச்சீட்டை நீட்ட முடியாது.

கேஸ் வேலைக்கு இவரை நான் கூப்பிட மாட்டேன். பழைய ஆர்22 கேஸ் காலத்து ஆள். இப்போது வரும் இன்வர்ட்டர்களில் பெரும்பாலும் ஆர்32. அது தீப்பற்றக் கூடியது, லைனை முறையாக வேக்கம் போட்டு (உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்து), எடை போட்டு நிரப்ப வேண்டும். இவர் பிரஷரைப் பார்த்துக் கை மதிப்பில் நிரப்புவதை நேரில் பார்த்தேன். ஃபேனில் இவ்வளவு அளந்து பார்க்கிற மனிதர் கேஸில் மட்டும் ஏன் இப்படி என்று புரியவில்லை. சொன்னேன், சிரித்தார்.

பையன்களை மட்டும் அனுப்பினால் யோசியுங்கள். பக்கத்து வீட்டில் பழைய ஏசிக்கு யுனிவர்சல் மோட்டார் ஒன்றை மாட்டிவிட்டுப் போனான் ஒருவன். ஃபேன் ஜோராகச் சுற்றியது, குளிர் மட்டும் வரவில்லை. கிரில்லில் காகிதத்தை வைத்துப் பார்த்தால் வெளியே பறக்காமல் உள்ளே ஒட்டிக்கொண்டது: தலைகீழாகச் சுற்றுகிறது. மறுநாள் அண்ணாச்சி வந்து வயரை மாற்றிப் போட்டதும் சரியானது, அதற்குத் தனியாகக் காசு வாங்கவில்லை. ஆனாலும் ஒரு ராத்திரி வேர்த்துக்கொண்டு தூங்கினது பக்கத்து வீட்டுக்காரர்தானே? எந்த மோட்டார் மாற்றினாலும், மெக்கானிக் கிளம்புவதற்கு முன் அந்தக் காகிதப் பரிசோதனையை நீங்களே செய்துவிடுங்கள்.

கிடைப்பதும் கஷ்டம். ஏப்ரல், மே மாதங்களில் இன்று சொன்னால் நாலைந்து நாள் கழித்துத்தான் வருவார். ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குப் போனால் போனை எடுக்க மாட்டார். ஜூலை 26-இல் பனிமய மாதா கோவில் கொடியேறினால் ஆகஸ்ட் 5 வரைக்கும் அவர் வேறு ஆள். ஏசி எரிந்தாலும் ‘திருவிழா முடியட்டும்’ தான். மத்தியானம் ஒன்றிலிருந்து நாலு வரை ஷட்டர் பாதி இறங்கியிருக்கும், உள்ளே தூங்குவார், எழுப்பாதீர்கள்.

போகிறவர்கள் அவுட்டோரின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் மாடல் நம்பர் ஸ்டிக்கரையும், எரர் கோடு வந்தால் அதையும் போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள். சத்தம் பிரச்சினை என்றால் வீடியோ எடுத்துப் போங்கள், காதில் வைத்துக் கேட்டே பாதி சொல்லிவிடுவார். வந்து பார்க்க 350; வேலை எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனாலும் அது உண்டு, பேரம் பேச வேண்டாம். காசு கையில் அல்லது ஜிபே. ஏணி மட்டும் நீங்கள்தான் ஏற்பாடு செய்ய வேண்டும். எக்ஸ்எல்லில் ஏணி வராது.